மறைந்த மூட்டின் கதை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் நீங்கள் பேருந்தில் போயிருக்கலாம். வில்லியனூரைத் தாண்டி மேற்கே போனால் திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்று மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த ஊர்கள் வரும். இப்பகுதிகளில் பழைய காரை வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை இப்போது அடிக்கடி நடக்கிறது. திண்ணை போய்க் கூடம் அகலமாகிறது. கூடத்தின் மேலே பழைய தளம் தெரியாதபடி ஜிப்சம் பலகைகளால் ஒரு போலிக் கூரை தொங்கவிடப்படுகிறது.

புதுமனை புகும் நாளில் அந்தக் கூரையைப் பாருங்கள். ஒரே வெள்ளைத் தாளை விரித்தது போல இருக்கும். பலகைகள் பல என்பதோ, அவை சேரும் இடங்கள் உண்டு என்பதோ தெரியாது. சித்திரை வெயில் வந்ததும் ஒரு நாள் மயிரிழை போன்ற கோடு ஒன்று தென்படும். அது வளைந்து நெளிந்து போகாமல், அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக ஓடும். அதற்குச் சரியாக நான்கு அடி தள்ளி இன்னொரு கோடு தோன்றும். "பட்டி சரியாகப் பார்க்கவில்லை" என்று வீட்டுக்காரர் வேலைக்காரர் மேல் குறைப்படுவார். அவரும் வந்து கோட்டின் மேல் பட்டியைத் தேய்த்து, சாயம் பூசிவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே கோடு திரும்பி வரும்.

மூட்டை மறைப்பது எளிது. மறைந்த மூட்டு மறைந்தே இருக்க வேண்டும் என்பதுதான் கடினம். மனிதன் கட்டடம் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சிக்கல் அவனோடு இருக்கிறது. அதை அவன் எப்படியெல்லாம் தீர்த்தான் என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டுக் கூரையில் தோன்றும் கோட்டின் காரணமும் விளங்கும்.

கல்லில் மூட்டு

திருபுவனையில் இறங்கி வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். இது சோழர் காலக் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சோழர் காலக் கற்றளிகளின் சுவர்களில் கல்லும் கல்லும் சேரும் கோடுகளை நீங்கள் காணலாம். அவற்றை யாரும் மறைக்க முயலவில்லை. கல்லின் முகங்களைச் சமமாகச் செதுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். பொதுவாக இடையில் காரை இல்லை. மேலிருக்கும் கல்லின் எடையே கீழிருக்கும் கல்லைப் பிடித்துக்கொள்கிறது.

இதில் ஒரு நன்மை உண்டு. வெயிலில் கல் சற்று விரிந்தாலும், இரவில் சுருங்கினாலும், அந்த அசைவு மூட்டிலேயே தீர்ந்துபோகிறது. மூட்டுக்கு மேல் பூச்சு இல்லை. ஆகவே வெடிப்பதற்கும் ஏதும் இல்லை. மூட்டை ஒளிக்காமல் வெளிப்படையாக விட்டுவிடுவது இச்சிக்கலுக்கு மனிதன் கண்ட முதல் வழி.

ஆனால் எல்லோரும் கல்லால் வீடு கட்ட முடியுமா? செங்கல் சிறியது. ஒரு சுவரில் ஆயிரக்கணக்கான சந்துகள் வரும். ஒவ்வொரு சந்தும் மழைநீர் புகும் வழி. எனவே சுவர் முழுவதற்கும் ஒரு போர்வை தேவைப்பட்டது. அந்தப் போர்வைதான் சுண்ணாம்புப் பூச்சு.

சுண்ணாம்பு என்னும் போர்வை

கழிமுகங்களில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சூளையில் இட்டு எரித்தால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. அதைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, பழையபடி கிளிஞ்சலில் இருந்த அதே பொருளாக, அதாவது கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. இந்தச் சுழற்சியை விளக்கியவர் ஸ்காட்லாந்து அறிவியலார் ஜோசப் பிளாக். அவருடைய ஆய்வு 1756இல் வெளியாயிற்று. நம் கொத்தனார்களோ அதற்கு நெடுங்காலம் முன்பே இச்சுழற்சியைக் கையால் அறிந்திருந்தார்கள்.

அவர்களது கைத்திறன் ஐரோப்பியரை வியக்க வைத்தது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் மிகச் சிறந்த காரை செய்யும் முறையை விவரித்து எழுதிய குறிப்பு லண்டன் ராயல் கழகத்தின் இதழில் 1732ஆம் ஆண்டையொட்டி வெளிவந்தது. அதில் வரும் பொருள்களைப் பாருங்கள்: மணல், சுண்ணாம்பு, வெல்லம், வேகவைத்த பயறு, கடுக்காய், முட்டையின் வெண்கரு, நெய், தயிர். சமையலறைப் பட்டியல் போலத் தோன்றும் இது, நன்கு சோதிக்கப்பட்ட கட்டுமான வேதியியல். வெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பை நீரில் அதிகமாகக் கரையச் செய்கிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் குறைந்த நீரிலேயே கலவையை இளக்கித் தருகிறது. நீர் குறைந்தால் உலரும்போது சுருக்கமும் குறையும். சுருக்கம் குறைந்தால் வெடிப்பும் குறையும். வெண்கருவும் தயிரும் தரும் புரதங்கள் கலவையைப் பிணைக்கின்றன. நெய் தண்ணீரை விலக்குகிறது.

முதல் பூச்சு கரடு, இரண்டாவது நயம், மூன்றாவது வெண்ணெய் போன்ற தூய சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காகப் பூசினார்கள். கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இத்தகைய தூண்களைச் சலவைக்கல் என்றே எண்ணியதுண்டு. உள்ளே இருப்பவை செங்கற்கள். அத்தனை சந்துகளும் அந்தப் பளபளப்புக்குள் மறைந்து கிடந்தன.

இந்தப் போர்வைக்கு இன்னொரு குணமும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு மெதுவாக இறுகும். சிமெண்டைப் போல விறைத்துப்போகாது. சுவர் சற்று அசைந்தால் தானும் சற்று இணங்கும். நுண்ணிய வெடிப்பு விட்டால், ஈரம் பூச்சிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து அந்த வெடிப்புக்குள் கொண்டுபோகும். அங்கே அது மறுபடி இறுகும். சிறு காயம் தானே ஆறிவிடும் என்று சொல்லலாம்.

1765: இரண்டு நகரங்கள்

1761ஆம் ஆண்டு சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். 1763இன் பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. 1765இல் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் வந்து அதை மறுபடி கட்டத் தொடங்கினார். நகரம் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்தது.

அதே 1765இல் பாரிஸ் நகரத்து அறிவியல் கழகத்தின் முன்னால் 21 வயது இளைஞர் ஒருவர் தம் முதல் ஆய்வுக் கட்டுரையைப் படித்தார். அவர் பெயர் லவாசியர். பின்னாளில் புதிய வேதியியலின் தந்தை எனப் புகழ்பெற்றவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஜிப்சம். பாரிசின் மோன்மார்த்ர் குன்றிலிருந்து வெட்டியெடுத்த ஜிப்சத்தைச் சுட்டு அந்நகரத்தார் சுவர்களுக்குப் பூசிவந்தார்கள். 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்னும் பெயர் இப்படித்தான் வந்தது. சுட்ட ஜிப்சம் நீர் சேர்ந்ததும் ஏன் இறுகுகிறது என்பதே லவாசியர் எழுப்பிய கேள்வி.

அவர் கண்ட விடை எளியது. ஜிப்சம் கல்லுக்குள்ளேயே நீர் இருக்கிறது. 100 கிலோ ஜிப்சத்தில் ஏறக்குறைய 21 கிலோ நீர் படிகத்தின் பகுதியாகவே கட்டுண்டு கிடக்கிறது. ஏறக்குறைய 150 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் அதில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். அந்தப் பொடியில் நீர் விட்டால், இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஊசி போன்ற படிகங்களாகப் பின்னி இறுகும். சுண்ணாம்பு காற்றிலிருந்து வாயுவைத் திரும்பப் பெற ஆண்டுகள் ஆகின்றன. ஜிப்சம் நீரைத் திரும்பப் பெறச் சில நிமிடங்களே போதும்.

அப்படியானால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் சுவர்களுக்கு ஜிப்சம் ஏன் இடம்பெறவில்லை? நம் கழிமுகத்தில் கிளிஞ்சல் தாராளமாகக் கிடைத்தது என்பது ஒரு காரணம். மற்றது மழை. ஒரு லிட்டர் நீரில் சுமார் இரண்டரை கிராம் ஜிப்சம் கரையும். இறுகிய சுண்ணாம்புப் பூச்சு கரைவதோ அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு ஜிப்சச் சுவர் தாங்காது. மழை படாத உள்புறமே அதற்கு ஏற்ற இடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

சுவர் பலகையாயிற்று

அமெரிக்காவில் அக்காலத்து வீடுகளின் சட்டம் மரத்தாலானது. மெல்லிய மரத் தப்பைகளை வரிசையாக அடித்து, அவற்றின் மேல் மூன்று முறை பூச்சுப் பூசுவார்கள். பூச்சு உலர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அகஸ்டின் சாக்கெட் என்பவர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். காகித அடுக்குகளுக்கு இடையே ஜிப்சக் குழம்பைப் பரப்பி ஒரு பலகை செய்து, 1894இல் காப்புரிமை பெற்றார். கால் அங்குலத் தடிப்பும் மூன்றடிச் சதுரமுமான பலகை அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாக்கெட் தம் பலகையைச் சுவராக எண்ணவில்லை. தப்பைகளுக்குப் பதிலாக அதை அடித்து, மேலே வழக்கம்போல் பூச வேண்டும் என்பதே திட்டம். ஆகவே மூட்டைப் பற்றிய கவலை எழவில்லை. பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும்.

1909இல் அவருடைய தொழிலை யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் வாங்கியது. பின்னர் பலகையின் ஓரங்களையும் காகிதத்தால் சுற்றினார்கள். உறுதியான, வழவழப்பான பலகை கிடைத்தது. இவ்வளவு நல்ல பலகைக்கு மேலே பூச்சு எதற்கு என்ற எண்ணம் அப்போது பிறந்தது. பூச்சை நீக்கியதும் வாரக்கணக்கான வேலை நாட்கணக்கில் முடிந்தது. போர்வை போனதும் மூட்டு வெளியே வந்துவிட்டது!

தொடக்கத்தில் மூட்டுகளின் மேல் மெல்லிய மரச் சட்டங்களை அடித்து மறைத்தார்கள். அறை முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது; மக்களுக்கு அது பிடிக்கவில்லை. சந்தில் பிளாஸ்டரை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள், அது வெடித்தது. கடைசியில் வெற்றி தந்தவை இரண்டு எளிய மாற்றங்கள். பலகையின் நீள ஓரங்களைச் சற்றே சரிவாக, மெலிதாகச் செய்தது ஒன்று. மூட்டின் மேல் காகித நாடா ஒட்டியது மற்றொன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. போருக்குப் பின் இலட்சக்கணக்கான வீடுகள் வேண்டியிருந்தன. பலகைச் சுவர் அந்நாடு முழுவதும் பரவியது.

நாடாவின் வேலை என்ன?

நம் கிராமங்களில் மண்சுவருக்குச் சேறு மிதிக்கும்போது வைக்கோல் சேர்ப்பார்கள். ஏன் என்று கேட்டால் "சுவர் வெடிக்காது" என்பார்கள். மண்ணோ, சுண்ணாம்போ, ஜிப்சமோ அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நார் இழுப்பைத் தாங்கும். ஐரோப்பியக் கொத்தர்கள் பூச்சில் மாட்டு மயிரைக் கலந்ததும் இதற்காகவே. இன்று கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் பூசுமுன் கோழிவலையை அடிக்கிறார்களே, அதுவும் இதே உத்திதான். பலகை மூட்டின் மேல் ஒட்டும் காகித நாடா, வைக்கோலின் தம்பி, கோழிவலையின் அண்ணன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கூரையைத் தாங்கும் எஃகுச் சட்டம் 4 மீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். மொட்டைத் தளத்துக்குக் கீழே பகலுக்கும் விடியற்காலைக்கும் 20 பாகை வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஃகு ஒரு பாகைக்கு, ஒரு மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். 4 மீட்டரும் 20 பாகையும் சேர்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இந்த ஒரு மில்லிமீட்டர் எங்காவது போய்த் தீர வேண்டும். நான்கு பக்கமும் சுவரோடு இறுக்கிக் கட்டியிருந்தால், அது மிக வலுவற்ற இடத்தைத் தேடும். அந்த இடம் மூட்டு. அங்கே வெறும் பட்டி இருந்தால் வெடிக்கும். நாடா இருந்தால் இழுப்பை இருபுறப் பலகைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும்.

சரிந்த ஓரத்தின் வேலை வேறு. அது கண்ணைப் பற்றியது. தட்டையான பலகை மேல் நாடாவும் பசையும் ஏறினால் மேடு தட்டும். நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. சன்னலிலிருந்து பக்கவாட்டில் மாலை வெயில் விழும்போது ஒவ்வொரு மேடும் நிழல் போடும். இரு சரிந்த ஓரங்கள் சேருமிடத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் உண்டாகிறது. நாடாவும் பசையும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இனி முறையைப் பாருங்கள். பள்ளத்தில் மூட்டுப் பசையை மெல்லப் பரப்ப வேண்டும். சுமார் 5 செ.மீ. அகலமுள்ள நாடாவை அதில் பதித்து, காற்றுக் குமிழி இல்லாமல் கரண்டியால் நீவ வேண்டும். முற்றும் உலர்ந்த பின் இரண்டாம் பூச்சை அதைவிட அகலமாகவும், அதுவும் உலர்ந்த பின் மூன்றாவதை ஏறத்தாழ ஓரடி அகலமாகவும் இழுக்க வேண்டும். ஓரங்கள் ஒன்றுமில்லாமல் தேய்ந்து மறைய வேண்டும். பூச்சுகளுக்கு இடையே ஒரு நாள் பொறுப்பது வழக்கம். மழைக்காலமானால் இன்னும் அதிகம். வெட்டிய குறுக்கு ஓரங்களில் சரிவு இல்லை. அவை ஒரே கோட்டில் வராதபடி, செங்கல் வரிசை போலப் பலகைகளை மாற்றி மாற்றி அமைப்பது நல்லது. பழைய கொத்தனார் கரடு, நயம், வெண்ணெய் என்று மூன்று முறை பூசியதை நினைத்துப் பாருங்கள். பொருள் மாறிற்று; பொறுமையின் கணக்கு மாறவில்லை.

மூச்சில் கலந்த தூள்

இந்த வரலாற்றில் துயரமான பக்கம் ஒன்றும் உண்டு. மூட்டுப் பசை வெடிக்காமலிருக்க நார் வேண்டும் என்று கண்டோம் அல்லவா? அமெரிக்காவில் பல ஆண்டுகள் அந்தப் பசையில் கல்நார் கலந்தார்கள். மலிவானது, தீப்பிடிக்காதது, பசையைத் தோதாக இழுக்க வைத்தது. ஆனால் உலர்ந்த பசையை உப்புத்தாளால் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் காற்றில் பறந்தன. தேய்த்த தொழிலாளியின் நுரையீரலில் அவை தங்கின. கல்நார் இழை நுரையீரல் இறுக்கத்தையும் புற்றுநோயையும் உண்டாக்கும். பல பத்தாண்டுகள் கழித்தே நோய் வெளிப்படும். 1977இல் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கல்நார் கலந்த ஒட்டுப் பசைகளைத் தடை செய்தது. அதற்குள் எத்தனையோ சுவர்கள் வழவழப்பாகிவிட்டன.

கல்நார் இல்லாத பசையின் தூளும் மூச்சுக்கு நல்லதன்று. உங்கள் வீட்டில் இவ்வேலை நடந்தால், தேய்ப்பவர் முகமூடி அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள். ஈரப் பஞ்சால் தேய்த்தால் தூள் பறப்பது பெரிதும் குறையும். சுவரின் அழகு ஒருவருடைய மூச்சை விலையாகக் கேட்கக் கூடாது.

நம் பழைய சுவர்கள்

இந்தியாவில் ஜிப்சம் பெரும்பாலும் ராஜஸ்தானில் கிடைக்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் பழங்கடல் படிவுகளிலும் உண்டு. அந்தக் கிரெட்டேஷியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற பாறைகள் மண்ணாடிப்பட்டுக்கு அருகே வழுதாவூரை ஒட்டியும் கிடக்கின்றன. ஆகவே பலகையும் நம் மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதை எங்கே, எப்படிப் பொருத்துகிறோம் என்பதே கேள்வி.

பழைய காரை வீட்டின் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. சுவர் மூச்சு விடுகிறது எனலாம். அதன் மேல் கெட்டியான சிமெண்டைப் பூசினால் வழி அடைபடும். ஈரம் உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும். ஜிப்சம் பலகையை அச்சுவரோடு ஒட்டி அடித்தால் பலகையே ஈரத்தை உறிஞ்சி இளகும். காகிதத்தில் பூஞ்சை படரும். மூட்டில் தோன்றும் கறையை எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அது மறையாது. அது மூட்டின் பிழையன்று, சுவரின் முறையீடு.

ஈரத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி கண்டிருக்கிறது. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம், நீண்ட காலம் பழுதுற்றிருந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் கட்டிய புதிய கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. தோற்றத்தைத் திரும்பக் கட்டலாம்; பழைய கொத்தர்கள் பூசிய பூச்சு திரும்பாது.

எனவே உங்கள் வீட்டைப் புதுப்பிக்கும்போது வரிசையை மாற்றாதீர்கள். முதலில் தளத்தின் ஒழுக்கை அடையுங்கள். அடுத்துச் சுவரின் ஈரத்துக்கு வழி செய்யுங்கள்; காரைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. அதன் பிறகு பலகை. அதையும் தனிச் சட்டத்தில் மாட்டுங்கள். கூரை சுவரைத் தொடுமிடத்தில் ஒரு மெல்லிய இடைவெளியை வரி போல விட்டுவிடுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டர் அங்கே விளையாடிக்கொள்ளும். நடுவிலுள்ள மூட்டுகளுக்கு நாடாவும் மூன்று பூச்சும், உலரப் போதிய நாளும் கொடுங்கள். இரண்டு நாளில் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்திவிட்டு, பிறகு வெடிப்புக்காக வேலைக்காரர் மேல் பழி போடுவது நியாயமன்று.

கற்றளியின் தச்சன் மூட்டை வெளிப்படையாக விட்டான். காரைக் கொத்தனார் அதற்கு இணங்கும் போர்வை போர்த்தினார். பலகைக்காரர் அதன் குறுக்கே நாடா ஒட்டினார். மூவருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: மூட்டு அசையும். அடுத்த முறை உங்கள் கூரையில் நேர்கோடு ஒன்றைக் கண்டால், பட்டிக் கரண்டியை எடுக்குமுன் அது எதனால் அசைகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.